தாய்மாமன் மடி

அறுவர் மடியில் அமுதம் உண்டு
ஒருத்தி கையில் ஓருரு ஆன
குமரா, நின்தாள் கும்பிட் டெழுதும்
அடியேன் சொல்லில் பிழைபொறுத் தருளே.

கார்த்திகை மாதத்து வளர்பிறைத் துவாதசியும் ரேவதி நட்சத்திரமும் கூடிய வியாழக்கிழமை இன்று. காலைப் பூசையை முடித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துத் தொடங்க உகந்த நாள் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. எழுதப்போகும் செய்தி முழுவதும் மங்கலமானது என்று சொல்ல முடியாது. நாளாவது மங்கலமாக அமையட்டும் என்றே இதுவரை காத்திருந்தேன்.

எங்கள் கோவிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடி முடித்தபின் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து பழைய காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். பிறர் பெற்ற பெண் குழந்தை ஒன்றை நான் ஒரு காலத்தில் வளர்த்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும். "எவ்ளோ பெரிய புண்ணியம்மா அது!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தை என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள், என்னை என்னவென்று கூப்பிட்டாள் என்றெல்லாம் கேட்பார்கள். அவளைப் பெற்றவளும் பெற்றவனும் உயிரோடுதானே இருந்தார்கள், அவர்களோடு நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கே இங்கே விடை எழுதுகிறேன்.

அது வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம். காட்டுக்குள் ஒளிந்து போராடியவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டையில் தோட்டத்து ஜனங்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மந்தினுக்கும் சிரம்பானுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தார். தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு காவல். பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு கைப்பிடிச் சோறுகூடக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. அது காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சந்தேகம். வெறும் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வேலியைத் தாண்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

விடியலில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். கிராணி பெயரைச் சொல்வார்; பெயருக்குரியவன் ஓரடி முன்னே வந்து "ஐயா" என்பான்; அதோடு அன்றைய வேலை அவனுக்கு உறுதியாகும். என் கணவருக்குக் கணீரென்ற குரல். அதைக் கேட்டால் பாதித் தூக்கத்தில் நிற்பவனும் முன்னே அடி எடுத்து வைத்துவிடுவான்.

ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் போலீஸ் லோரி தோட்டத்துக்குள் வந்தது. ஆண்களையெல்லாம் திடலில் நிறுத்தினார்கள். முன்பு தொழிலாளர் சங்கத்தில் முன்னின்று பேசிய ஒருவனைத் தேடி வந்திருந்தார்கள். அவனுடைய பெயர் தெரியும், முகம் தெரியாது. கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் கணவரை அழைத்து அந்தப் பெயரைக் கூப்பிடச் சொன்னார். என் கணவர் கூப்பிட்டார், தினமும் கூப்பிடுகிற அதே குரலில். அவன் யோசிக்கவே இல்லை. ஓரடி முன்னே வந்து "ஐயா" என்றான்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அவன் என் கணவரின் முகத்தைப் பார்த்தபடியே நின்றான். லோரியில் ஏற்றும்போதும் திரும்பித் திரும்பி அவரையே பார்த்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அன்று மதியம் என் கணவர் இலையின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் கூப்டலேன்னா வேற யாரயாவது கூப்டச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

நான் மோர் ஊற்றினேன்.

"சரிதானே?"

அது சரியா, தவறா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து பெரட்டில் பெயர் கூப்பிடும் வேலையை மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் விட்டுவிட்டார். தொண்டை சரியில்லை என்று துரையிடம் காரணம் சொன்னார்.

பிடிபட்டவனின் மனைவி பால் வெட்டுகிறவள். அவர்களுக்கு ஒரே மகள். அப்போதுதான் சொற்கள் கூடிவரத் தொடங்கிய வயது. கணவன் போனபின் குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரங்களுக்குப் போய் வந்து நாள்களைத் தள்ளினாள். அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் கண்டது. பிறகு இருமலில் ரத்தம் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் பார்த்துவிட்டு, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுக்க வேண்டும், குழந்தையை அருகில் வைத்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

லயத்தில் எந்த வீடும் அந்தக் குழந்தையை ஏற்க முன்வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிடிபட்டவன் மகளுக்குச் சோறு போட்டால் நாளைக்குத் தம் வாசலில் லோரி வந்து நிற்குமோ என்று பயந்தார்கள். கிராணி வீட்டின்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. டிரசர் எங்களைக் கேட்டார். நாங்கள் சரி என்றோம். பெற்றவளுக்கு வேறு வழி இருந்திருந்தால் உலகத்தில் எந்த வீட்டைத் தேர்ந்திருந்தாலும் எங்கள் வீட்டைத் தேர்ந்திருக்க மாட்டாள் என்பதை நான் அறிவேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் லோரியில் ஏறி உட்கார்ந்தபின் அவள் என்னை அருகில் அழைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"கிராணியம்மா, தலைக்கு எண்ண வைங்க, வைக்காம விடுங்க. அது ஒங்க இஷ்டம். அவ காத மட்டும் குத்திராதீங்க."

"ஏம்மா?"

"அவுங்கப்பா வரட்டும்."

லோரி புறப்பட்டது. குழந்தை என் இடுப்பில் இருந்தபடி லோரிக்குக் கையாட்டினாள். அவளுக்கு லோரி என்றால் ஆசை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக நான் செய்த விரதங்களையும் சுமந்த பால்குடங்களையும் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குழந்தை வந்த சில நாள்களிலேயே வீட்டின் ஓசை மாறிவிட்டது. என் முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டுதான் தூங்குவாள். நான் பதிகம் பாடினால் அது தனக்காகப் பாடுவது என்று எண்ணிக்கொண்டு, முடிந்ததும் "இன்னொண்ணு" என்பாள். வேலி வாசலில் காவலர் செய்வதைப் பார்த்துப் பழகியவள் ஆகையால், என் கணவர் ஆபீசிலிருந்து வரும்போது வாசற்படியில் கையை விரித்து நின்று மறிப்பாள். அவர் தொப்பியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். குடையை விரித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே விடுவாள். தோட்டமே அஞ்சிய கிராணி அவள் முன்னே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஓடும் சிரிப்பைப் பார்த்து நான் பயந்தேன். இந்தச் சிரிப்பு இரவல் என்று எனக்குத் தெரியும்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மாற்றிச் சொல்லவும் சொல்லவில்லை.

மாதந்தோறும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். நோயாளிகள் இருக்கும் நீண்ட வராந்தாவில், மரக் கைப்பிடியின் பின்னால், பெற்றவள் நிற்பாள். நானும் குழந்தையும் முற்றத்துப் புல்தரைக்கு அப்பால், அங்சானா மரத்தடியில் நிற்போம். அதற்கு மேல் நெருங்கக் கூடாது என்று நர்சு சொல்லியிருந்தாள். ஆகவே எங்கள் பேச்செல்லாம் உரக்கத்தான் நடக்கும். அவளுடைய வார்டு முழுவதும் கேட்கும்.

"என்னா கிராணியம்மா, வெள்ளக்காரி சட்டயெல்லாம் போட்டு வுட்டுருக்கீங்க! நாளைக்குத் தொரைய அப்பான்னு கூப்புடப் போறா!"

"நான் தச்சதுதாம்மா. பழைய திரைத்துணி."

"அதான் பாத்தேன். ஆபீசு ஜன்னலு நடந்து வர்ற மாதிரி இருக்கு!"

வராந்தாவில் இருந்த பெண்கள் இருமிக்கொண்டே சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைக் கேட்டாள், "ஆஸ்பத்திரி அம்மா ஏன் கீழ எறங்கவே மாட்டேங்குது?" என்று. அந்த அடைமொழி எனக்குள் ஓர் இனிப்பைத் தந்தது. அந்த இனிப்பை நான் வெறுத்தேன், விட்டுவிடவும் இல்லை.

இப்படியே குழந்தை வளர்ந்தாள். அவள் வயதுப் பெண்களுக்கெல்லாம் காதில் கம்மல் ஆடியது. தண்டலின் மனைவி குழாயடியில் பலர் கேட்க ஒருநாள் சொன்னாள்:

"ஏங்க கிராணியம்மா, இன்னும் எத்தன நாளைக்கு மூளிக் காதோட வச்சிருப்பீங்க? ஆம்பளப் புள்ளன்னு பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்களா?"

காது குத்துவது நம்மவர்களுக்கு வெறும் அணிகலன் காரியம் இல்லை. தாயின் உடன்பிறந்தவன் குழந்தையை மடியில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த மடியில் உட்கார்ந்ததும் குழந்தைக்கு ஒரு வீடு உறுதியாகிறது. நாளைக்கு அவள் பெரியவளானால் பச்சை ஓலை கட்டுவதும், மணமானால் சீர் கொண்டுவருவதும், அவளுக்கு ஒரு குறை என்றால் வந்து கேட்பதும் அந்த வீடுதான். எனக்குச் சிரம்பானில் ஓர் அண்ணன் இருந்தார். அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்ற எண்ணம் எனக்குள் முளைத்தது. முளைத்ததும் வேர் விட்டது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெற்றவளிடம் புல்தரைக்கு இப்பாலிருந்து அதைக் கேட்டேன்.

அவள் கைப்பிடிமேல் சாய்ந்தாள். பிறகு வழக்கம்போல் கத்தாமல், எனக்கு எட்டும் அளவுக்கு மட்டும் குரலை உயர்த்தினாள்.

"ஒங்கண்ணன் மடியில ஒக்கார வச்சா ஒங்கண்ணன்தான் அவளுக்குத் தாய்மாமன். அப்ப நீங்கதான் அவளுக்குத் தாயி. நா யாரு, கிராணியம்மா?"

நான் மரத்தைப் பார்த்தேன்.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தான். ஜப்பான்காரன் சயாமுக்கு ரயிலு ரோட்டு போடன்னு லோரியில ஏத்திக்கிட்டுப் போனான். திரும்பல. இருந்திருந்தா நீங்க இத என்னக் கேட்டிருக்க மாட்டீங்க."

அன்றைக்குக் குழந்தையைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய கணவன் முகாமிலிருந்து விடுதலையாகிறான் என்ற செய்தி அடுத்து வந்தது. அன்று மாலை நான் பூசையில் கந்தன் பிறப்பைப் பாடினேன். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளை ஆறு பெண்கள் எடுத்துப் பாலூட்டினார்கள். உமையவள் வந்து சேர்த்து அணைக்க, ஆறும் ஒன்றாகி அவள் கையில் சேர்ந்தது. சிறுவயது முதல் பாடிவரும் வரலாறு. உமையின் முலைப்பால் சுரந்ததைப் பாடல்கள் பாடுகின்றன; ஈசன் மகிழ்ந்ததைப் பாடுகின்றன. அந்த அறுவரும் வெறுங்கையோடு கரையேறி எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன். ஈசன் அவர்களை வானத்தில் விண்மீனாக்கி வைத்தான் என்பது பெருமைதான். விண்மீனுக்கு மடி உண்டா?

ஒரு பிற்பகலில் அவன் வந்தான். மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்து, யாருடைய சட்டையோ போட்டவன்போல் இருந்தான். எங்கள் வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை. முற்றத்திலேயே நின்று, "எம் புள்ளயக் கூப்புடுங்க" என்றான்.

என் கணவர் வெளியே வந்தார். "உள்ள வாப்பா" என்றார்.

"வரல. ஒண்ணு கேக்கணும் ஒங்கள. அன்னிக்குப் பெரட்டு மணி அடிச்சாங்களா?"

"இல்ல."

"லீவு நாளு. மணி அடிக்கல. எம் பேர எதுக்குக் கூப்புட்டீங்க?"

"கூப்டச் சொன்னாங்க."

"தொண்ட வலின்னு மறுநாளு சொன்னீங்களாமே. அத ஒரு நாளு முன்னாடி சொல்லியிருக்கலாம் லா, கிராணி ஐயா."

குழந்தை என் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவனுக்குக் கேட்கும்படியே, "யாரும்மா அது?" என்றாள். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவ்வளவு நேரம் அவன்மேல் எனக்கு இருந்த அச்சம் அந்த நொடியில் வடிந்துவிட்டது.

தோட்டத்தில் அவனுக்கு மறுபடி வேலை கொடுக்கத் துரை மறுத்துவிட்டார். லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இடம் பேசி வைத்திருக்கிறானாம். குழந்தையை அழைத்துக்கொண்டு அங்கே போகப்போவதாகச் சொன்னான். அதற்கு முன்பு மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சிரம்பானுக்குப் புறப்பட்டான். குழந்தை தனியாக அவனோடு வர மறுத்து அழுதாள். ஆகவே நானும் போனேன். பஸ்ஸில் அவன் முன் இருக்கையில், முன்னே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

பெற்றவளுக்கு அப்போது உடம்பு தேறிவந்தது. இன்னும் சில மாதத்தில் விட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவனைக் கண்டதும் அவள் கைப்பிடியைத் தாண்டி இறங்கிவிடுவாள்போல் இருந்தது, நர்சு ஓடிவந்தாள். அவர்கள் கொஞ்சம் அழட்டும் என்று நான் குழந்தையோடு விலகி நின்றேன். பிறகு அவளே என்னையும் கூப்பிட்டாள்.

"நீங்களும் கேளுங்க கிராணியம்மா. காது குத்திட்டுத்தான் புள்ள போகணும். நம்ம தோட்டத்துக் கோயில்லயே. கிராணி ஐயா மடியில."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னா பேசுற நீ? காட்டிக் குடுத்தவன் மடியிலயா?"

"காட்டிக் குடுத்தாரோ, வாய் தவறிக் கூப்புட்டாரோ, அது ஒங்களுக்கும் அவருக்கும் உள்ளது. நீங்க பேசித் தீத்துக்குங்க, இல்ல சாகுற வரைக்கும் மொறச்சுக்கிட்டே இருங்க. எனக்கு வேற கணக்கு." மூச்சு வாங்கினாள். "நா மறுபடி படுத்துட்டா? ஒங்கள மறுபடி லோரியில ஏத்திட்டா? அவளுக்குன்னு வந்து நிக்க யாரு இருக்கா? எந்தம்பி சயாம்ல மண்ணாயிட்டான். வளத்த அப்பன்னு ஒருத்தன் இருந்தா நீங்க அவனோட சண்ட போட்டு வெட்டி வுட்டுருவீங்க. மாமன வெட்ட முடியாது. மாமன் மாமன்தான்."

"நா கூப்புட மாட்டேன்."

"கூப்புடாட்டி நீங்க அப்பன் இல்ல."

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் புல்தரை அவ்வளவு அகலமாக எனக்கு என்றுமே தோன்றியதில்லை.

"அம்மாங்கற பேரு மட்டும் எனக்கு வேணும், கிராணியம்மா. மிச்சத்தயெல்லாம் நீங்களே வச்சுக்குங்க."

நான் தலையசைத்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மிச்சத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

செய்தி கேட்ட என் அண்ணன் கோபத்தோடு வந்தார். "வெட்டுக்காரிக்கு ஒம் புருசன் அண்ணனா? சாதி சனத்து மொகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். என் கணவர் ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்து, "உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணன் காப்பியைக் குடிக்காமல் போனார். அவருடைய வீட்டுக்கு நாங்கள் மறுபடி போக வெகுகாலம் ஆயிற்று.

என் கணவருக்குக் கவலை வேறாக இருந்தது. தாய்மாமனாக இருப்பவன் தானாகப் போய் உட்கார முடியாது. குழந்தையின் தகப்பன் வெற்றிலை பாக்குத் தட்டோடு எதிரே வந்து, முறை சொல்லி அழைக்க வேண்டும். அழைக்காமல் எழுந்து போனால் அதைவிட மானக்கேடு இல்லை.

"அவன் என்னக் கூப்டுவானா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

தை மாதத்தில் நாள் பார்த்தோம். வெட்டு முடிந்து, பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபின், ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். மந்தினிலிருந்து வந்த ஆசாரியை வேலி வாசலில் நிறுத்தி, அவருடைய பெட்டியைக் கொட்டிச் சோதித்தார்கள். "ஊசி எதுக்கு?" என்று காவலன் கேட்க, "ஒங் காதுக்கும் வேணுமா?" என்று அவர் கேட்டாராம். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். பெற்றவளை டாக்டர் அன்று ஒரு பகலுக்கு விட்டிருந்தார். கோவில் மண்டபத்தின் கடைசித் தூண் ஓரத்தில், எல்லோரிடமிருந்தும் விலகி, வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிர்ப்பக்கம் பெண்களோடு இருந்தேன். லயத்து ஜனம் முழுவதும் வந்திருந்தது; அவர்கள் காது குத்துவதைக் காண வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பூசாரி தீபம் காட்டிவிட்டு, "தாய்மாமன் வரலாமுங்க" என்றார்.

என் கணவர் ஆண்கள் வரிசையில் நின்றார். புது வேட்டியின் மடிப்பு கலையாமல் நின்றார். குழந்தையின் தகப்பன் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் பக்கம் பார்த்தபடி இருந்தான்.

"நேரம் போவுதுங்க" என்றார் பூசாரி.

அவன் திரும்பினான். மண்டபத்தைக் குறுக்கே கடந்து வந்தான். என் கணவருக்கு எதிரே நின்று தட்டை நீட்டினான்.

"வாங்க, மச்சான்."

என் கணவர் ஓரடி முன்னே வந்தார். தட்டை வாங்கும்போது பாக்கு உருண்டு கீழே விழுந்தது. இருவருமே குனிந்து எடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள், கண்ணீர் விட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்காததை எழுத முடியாது.

என் கணவர் பலகையில் அமர்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி சந்தனப் பொட்டு வைத்து ஊசியை எடுத்தார். முதல் காதுக்கு அவள் வியப்போடு விழித்தாள். இரண்டாம் காதுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. துள்ளிக்கொண்டு, "அம்மா!" என்று அலறினாள்.

என்னைப் பார்த்துத்தான் அலறினாள். என் உடம்பு தரையை விட்டு எழும்பிவிட்டது. அந்தக் கணத்தில் கடைசித் தூணருகே பெற்றவளும் எழுந்து நிற்பதைக் கண்டேன். அவள் நோயின் காரணமாக நெருங்கக் கூடாதவள். நான் வாக்குக் கொடுத்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் குழந்தை, "அம்மா, அம்மா" என்று கதறிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த தண்டலின் மனைவி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழாயடியில் பேசியவள் அவள்தான். பெற்றவள் நின்றபடியே துணிக்குள்ளிருந்து, "இங்க இருக்கேன் தாயி, இங்கதான் இருக்கேன்" என்று சொன்னாள். குழந்தை குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை லிங்கிக்குப் போகும் லோரியில் தகப்பன் அவளைத் தூக்கி வைத்தான். லோரி என்பதால் அழாமல் ஏறினாள். நான் வேலி வாசல்வரை போனேன். அவன் என்னைப் பார்த்து, "வர்றோம்ங்க" என்றான். முறை சொல்லவில்லை. என் கணவர் ஆபீசிலிருந்து வெளியே வரவில்லை. அன்று மாலை வீடு திரும்பியவர் வாசற்படியில் சற்று நின்று, தானாகவே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சில வாரங்கள் நான் பதிகம் பாடவில்லை. கடவுளோடு எனக்குப் பிணக்கு ஒன்றும் இல்லை. பாடி முடித்தபின் வரும் அமைதியைத் தாங்க முடியவில்லை.

பெற்றவள் குணமாகி லிங்கிக்குப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் தாய்மாமன் சீராகப் புதுத் துணியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் புறப்பட்டோம். வழியில் மூன்று இடங்களில் நிறுத்திச் சோதித்தார்கள். அதிரசத்தைப் பிட்டுப் பார்த்தார்கள். அங்கே அவர்களுடைய லயத்தை விசாரித்துக்கொண்டு போய் நின்றபோது, வாசலில் ஒரு பெண் பிள்ளை சிரட்டையில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். உயரம் கூடியிருந்தது, காதில் கம்மல். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் முகத்தில் எதையோ தேடியது. ஓடிவந்து என் முந்தானையைப் பிடிப்பாள் என்று என் கை தானாகவே சற்று நீண்டுவிட்டது. வாயைத் திறந்தாள். எந்தச் சொல் வரப்போகிறது என்று காத்து நின்றேன்.

அவள் எழுந்து, மண் கையோடு உள்ளே ஓடினாள்.

"யம்மோவ்! அத்த வந்திருக்காங்க! மாமாவும் வந்திருக்காங்க!"

உள்ளேயிருந்து, "ஒக்காரச் சொல்லுடி, வந்துட்டேன்" என்று குரல் வந்தது. அவள் மறுபடி வெளியே ஓடிவந்து, ஒரு பாயை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கத்த" என்றாள். உட்கார்ந்தேன். என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பலகாரப் பையைத் திறந்து பார்த்தாள். எனக்குத் தரப்பட்ட மிச்சம் இதுதான் என்று அந்தச் சிறு பாரத்தை மடியில் உணர்ந்தேன். அதை மகிழ்ச்சி என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. குறை என்று சொன்னால் நன்றி கொன்றவள் ஆவேன். அவளுடைய தகப்பன் அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டான். எங்கள் வீட்டில் அவன் ஒருநாளும் கை நனைத்ததில்லை. ஆனால் அவள் பெரியவளானபோதும், மணமானபோதும், வெற்றிலைத் தட்டோடு முதலில் எங்கள் வாசலுக்கே வந்து நின்று என் கணவரை முறை சொல்லி அழைத்தான்.

இதைப் படிப்போரும் படிக்கக் கேட்போரும் நோயின்றி, பிரிவின்றி நெடிது வாழ்க. பெற்ற வயிறும் வளர்த்த கையும் உங்கள் இல்லங்களில் ஒரே பந்தியில் அமர்ந்து பசியாறுக. அழுது அழைக்கும் எந்தக் குழந்தைக்கும் விடை சொல்லும் குரல் ஒன்று அருகில் இருக்குமாறு அருளுக, குன்றுதோறும் நின்றாடும் எம்பெருமான்.